ஒரு பத்தாண்டின் தாக்கம் மிக்க வீடியோ கேம் எது? அந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

பத்தாண்டு ஒன்று முடியும்போதெல்லாம் வீடியோ கேம் ஆடுவோரிடையே ஒரு கேள்வி எழுகிறது: இந்தப் பத்தாண்டில் மிக அதிகத் தாக்கம் செலுத்திய ஆட்டம் எது? கேள்வி எளிமையாகத் தோன்றினாலும், அதற்கு வரும் விடைகளைச் சற்றுக் கவனித்தால், விடை சொல்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை என்பது விரைவில் தெரிந்துவிடும். ஒருவர் தமக்கு மிகவும் பிடித்ததைச் சொல்வார். இன்னொருவர் அதிகம் விற்றதைச் சொல்வார். மூன்றாமவர் விமர்சகர்கள் அதிகம் புகழ்ந்ததைச் சொல்வார். மூன்றும் மதிக்கத்தக்க விடைகளே. ஆனால் கேட்கப்பட்டது அவை அல்ல. தாக்கம் என்பதை எப்படி அடையாளம் காண்பது, எந்தச் சான்றை ஏற்பது, எந்த இடங்களில் தவறான முடிவுக்கு வர வாய்ப்புண்டு என்பதை இத்துறைக்குப் புதிதாக வருபவருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அப்பத்தாண்டில் ஊன்றப்பட்டவற்றில் எவை வேர்பிடித்தன, எவை பட்டுப்போயின என்று ஓரளவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இப்போது காலம் கடந்திருக்கிறது.

முதலில் வரையறை. ஓர் ஆட்டம் வெளிவந்த பிறகு, பிறர் ஆட்டங்களை உருவாக்கும் முறையோ, மக்கள் ஆடும் பழக்கமோ, ஆட்டங்களைக் கொண்டு பணம் ஈட்டும் வழியோ அந்த ஆட்டத்தின் காரணமாக மாறியிருந்தால், அந்த மாற்றத்தின் அளவே அதன் தாக்கம். இந்த வரையறையிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. ஓர் ஆட்டத்தின் தரத்தை அறிய வேண்டுமானால் அதை ஆடிப் பார்த்தால் போதும். அதன் தாக்கத்தை அறிய வேண்டுமானால், அதற்குப் பின் வந்த வேறு ஆட்டங்களைப் பார்த்தாக வேண்டும். சான்று எப்போதும் அந்த ஆட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது. விவாதங்களில் நேரும் குழப்பங்களில் பெரும்பகுதி, ஓர் ஆட்டத்தின் உள்ளே இருக்கும் சிறப்புகளை அடுக்கிவிட்டு, அதையே தாக்கத்துக்கான நிரூபணமாக முன்வைப்பதால் நேர்கிறது.

2013 செப்டம்பரில் வெளிவந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5, முதல் மூன்று நாட்களிலேயே 100 கோடி டாலர் விற்பனையைத் தொட்டது. இதுவரை 20 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கிறது. இவ்வளவு பெரிய வெற்றி தாக்கம் இல்லாமல் இருக்குமா என்று கேட்பது இயல்பு. ஆனால், அதைப் பின்பற்றி எழுந்த ஆட்டங்கள் எவை என்று கேட்டால் விடை தயங்கியே வரும். அத்தனை பெரிய நகரத்தை அத்தனை நுணுக்கத்தோடு கட்டுவதற்குத் தேவையான பணமும் ஆட்களும் மிகச் சில நிறுவனங்களிடமே இருந்தன. அதன் இணையவழிப் பகுதி பல ஆண்டுகள் தொடர்ந்து வருவாய் தந்தது என்பது மற்ற நிறுவனங்களின் கணக்குகளை மாற்றியிருக்கும். அந்த வழியில் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் அதன் விற்பனை எண்ணிக்கை காட்டும் இடத்தைவிடக் கீழேதான் இருக்கிறது. 2018இல் வந்த ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2க்கும் இதுவே பொருந்தும். பலரும் வியந்த படைப்பு அது. ஆனால் வியந்தவர்களில் மிகச் சிலரால்தான் அதை ஒட்டி எதையாவது செய்ய முடிந்தது.

இதற்கு மறுபக்கத்தில் நிற்பது டார்க் சோல்ஸ். 2011இல் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம், ஹிடெடாகா மியாசாகியின் இயக்கத்தில் வெளியிட்ட ஆட்டம் அது. அதன் அடிப்படை விதிகளைப் புரிந்துகொண்டால்தான் தாக்கம் எப்படிப் பரவுகிறது என்பது புரியும் என்பதால், அவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எதிரிகளை வீழ்த்தும்போது ஆடுபவருக்கு ஒரு செல்வம் சேர்கிறது. ஆற்றலைக் கூட்டிக்கொள்வதற்கும் பொருள்கள் வாங்குவதற்கும் அது ஒன்றே பயன்படுகிறது. இறந்துவிட்டால் சேர்த்தது முழுவதும் இறந்த இடத்திலேயே கிடக்கும். மீண்டும் அங்கே சென்று சேர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். போகும் வழியில் மறுபடி இறந்தால் அது என்றென்றைக்கும் போய்விடும். ஆங்காங்கே எரியும் தீமூட்டங்களின் அருகே அமர்ந்து ஓய்வெடுத்தால் உடல்நலம் திரும்பும். ஆனால் வீழ்த்தப்பட்ட சாதாரண எதிரிகளும் உயிர்பெற்று எழுந்துவிடுவார்கள். தொலைவில் இருப்பதாக எண்ணிய இரண்டு இடங்கள் திடீரென ஒரு கதவு திறந்ததும் அடுத்தடுத்து அமைந்திருப்பது தெரியவரும். கதை நேராகச் சொல்லப்படுவதில்லை. பொருள்களின் விவரக் குறிப்புகளிலும் இடிபாடுகளின் அமைப்பிலும் சிதறிக் கிடக்கிறது.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே கழற்றி எடுத்துச் செல்லத்தக்க உறுப்புகள் என்பதைக் கவனிக்க வேண்டும். டார்க் சோல்ஸ் அத்தனை தூரம் பரவியதற்கு அதுவே முதன்மையான காரணம் என்பது என் கணிப்பு. 2014இல் வந்த ஷவல் நைட் பழைய காலத்து இருபரிமாண ஆட்டங்களின் பாணியில் அமைந்தது. ஆனால் இறக்கும்போது தங்கம் பைகளாகச் சிதறிவிடுகிறது, திரும்பிச் சென்றுதான் மீட்க வேண்டும். 2017இல் வந்த ஹாலோ நைட்டில், இறந்த இடத்தில் நிற்கும் தன் நிழலையே வென்று பணத்தை மீட்க வேண்டியிருக்கிறது. அதே ஆண்டின் நியோ, போர்முறை உட்படப் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. 2019இல் வந்த ஸ்டார் வார்ஸ் ஜெடை: ஃபாலன் ஆர்டர் புகழ்பெற்ற ஒரு திரைக்கதை உலகைச் சார்ந்த, பெருந்திரளான மக்களுக்காகச் செய்யப்பட்ட ஆட்டம், அதிலும் ஓய்வெடுத்தால் எதிரிகள் திரும்பி வருகிறார்கள். இவற்றில் பலவற்றை 'சோல்ஸ்லைக்' என்ற ஒரே பெயரில் அழைக்கும் வழக்கம் இன்று நிலைத்துவிட்டது. 1993இல் டூம் வெளிவந்த பின்னர், கதாபாத்திரத்தின் கண்வழியே சுட்டு முன்னேறும் ஆட்டங்களைச் சில ஆண்டுகள் வரை 'டூம் குளோன்' என்றே அழைத்தார்கள். ஓர் ஆட்டத்தின் பெயர் ஒரு வகைக்கே பெயராகிவிடுவது, தாக்கத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக வலுவான சான்றுகளுள் ஒன்று.

ஆனால் இங்கேயே முதல் சிக்கலும் எழுகிறது. மேலே சொன்ன விதிகளில் பெரும்பாலானவை டார்க் சோல்ஸில் தோன்றியவை அல்ல. அதே நிறுவனம், அதே இயக்குநர், 2009இல் வெளியிட்ட டீமன்ஸ் சோல்ஸிலேயே அவை இருந்தன. அந்த ஆட்டம் பிளேஸ்டேஷன் 3இல் மட்டுமே வந்தது. ஜப்பானில் வெளியிட்ட சோனியே வட அமெரிக்காவில் அதை வெளியிட முன்வரவில்லை, அட்லஸ் என்ற வேறொரு நிறுவனம்தான் வெளியிட்டது. டார்க் சோல்ஸ் பல கருவிகளில் வந்தது, 2012இல் கணினிக்கும் வந்தது. அதனால்தான் உலகெங்கும் உள்ள உருவாக்குநர்களின் கைக்கு அந்த விதிகள் போய்ச் சேர்ந்தன. பெருமை யாருக்கு? கண்டுபிடித்தவருக்கா, பரப்பியவருக்கா? இந்தக் கேள்வி இத்துறையின் எல்லாக் காலங்களிலும் வருவது. தடுப்புகளின் பின்னே ஒட்டி மறைந்து சுடும் முறையை 2003இல் கில்.ஸ்விட்ச் செய்து காட்டியது. ஆனால் அதைப் பொதுவழக்காக்கியது 2006இன் கியர்ஸ் ஆஃப் வார். தாக்கத்தைப் பற்றிப் பேசும்போது பரப்பிய ஆட்டத்துக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஏனெனில் பின்வந்தவர்கள் பார்த்துக் கற்றது அதைத்தான். ஆனால் முன்னோடியின் பெயரையும் சேர்த்துச் சொல்லாத விடையை நேர்மையான விடையாக நான் ஏற்கமாட்டேன்.

நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த விவாதத்தில் மட்டும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். பேட்டில் ராயல் வகையின் வரலாறு அதற்கு நல்ல பயிற்சிக்களம். நூறு பேர் ஓர் இடத்தில் இறங்கி, சுருங்கிக்கொண்டே வரும் எல்லைக்குள் கிடைத்த ஆயுதங்களைக் கொண்டு போரிட்டு, கடைசியாக எஞ்சுபவர் வெல்லும் ஆட்டங்களை இன்று அறியாதவர் குறைவு. பலரும் இதன் தொடக்கம் ஃபோர்ட்நைட் என்று எண்ணுகிறார்கள். ஃபோர்ட்நைட்டின் அந்தப் பகுதி 2017 செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு ஆறு மாதங்கள் முன்பு, 2017 மார்ச்சில், தென்கொரியாவின் புளூஹோல் நிறுவனத்திலிருந்து பப்ஜி விற்பனைக்கு வந்துவிட்டது. பப்ஜியை வடிவமைத்த பிரெண்டன் கிரீன் அதற்கும் முன்பே, 2013 வாக்கில், ஆர்மா 2 என்ற ராணுவப் பாவனை ஆட்டத்துக்கு ஒரு மோட் செய்திருந்தார். மோட் என்பது வெளிவந்த ஓர் ஆட்டத்தின் விதிகளையும் உள்ளடக்கத்தையும் ஆடுபவர்களே மாற்றிச் செய்யும் புதிய வடிவம். அந்த மோட்கூட நேரடியாக ஆர்மா 2இலிருந்து எழவில்லை. 2012இல் டீன் ஹால் என்பவர் அதே ஆட்டத்துக்குச் செய்த டேஇசட் என்ற மோட்டின் மேல் எழுந்தது. பரந்த நிலப்பரப்பில் கையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, உணவும் ஆயுதமும் தேடி, எதிரே வரும் மனிதரை நம்புவதா சுடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய அந்த அனுபவம் அத்தனை பேரை ஈர்த்ததால், மூன்று ஆண்டுகள் பழையதான ஆர்மா 2இன் விற்பனையே திடீரென உயர்ந்தது. பின்னர் கிரீன் எச்1இசட்1 ஆட்டத்துக்கு ஆலோசகராகவும் பணியாற்றினார். பப்ஜிக்குப் பிறகு ஃபோர்ட்நைட், 2019 பிப்ரவரியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், 2020இல் கால் ஆஃப் டியூட்டி: வார்சோன் என்று சங்கிலி நீண்டது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைத் தேர்ந்தெடுப்பது? டேஇசட் இல்லாமல் மற்றவை இன்றைய வடிவில் வந்திருக்குமா என்பது ஐயம். ஆனால் அதன் ஆடுமுறை பேட்டில் ராயல் அல்ல. அதன் நேரடி வாரிசுகள் ரஸ்ட் போன்ற உயிர்பிழைத்தல் ஆட்டங்கள். விதிகளை முழுமையாக வகுத்துப் பெரும் வெற்றியால் அவற்றை நிறுவியது பப்ஜி. அந்த வகையைக் கட்டணமின்றி, பலவகைக் கருவிகளுக்கும், சிறுவர் முதல் பெரியோர் வரை கொண்டுசென்றது ஃபோர்ட்நைட். ஆகவே 'பேட்டில் ராயல்' என்ற ஆடுமுறையைப் பொறுத்தவரை பப்ஜியே தாக்கம் மிக்கது என்றும், ஃபோர்ட்நைட்டின் தாக்கம் வேறொரு தளத்தில் இருக்கிறது என்றும் பிரித்துச் சொல்வதே பொருத்தம். அந்த வேறு தளத்துக்குச் சற்றுப் பின்னர் வருகிறேன்.

தொடக்கநிலையில் இருப்பவர் எளிதில் விழும் பொறி ஒன்று உண்டு: இரண்டு ஆட்டங்கள் ஒத்திருந்தால், முன்னது பின்னதைப் பாதித்தது என்று உடனே முடிவு கட்டிவிடுவது. 2014 ஆகஸ்டில் பி.டி. என்ற சிறிய திகில் முன்னோட்டம் வெளிவந்தது. ஒரே வீட்டின் ஒரே நடைகூடத்தில், கதாபாத்திரத்தின் கண்வழியே, மீண்டும் மீண்டும் நடக்க வேண்டிய அந்த முன்னோட்டம் எந்தப் பெரிய ஆட்டத்துக்காகச் செய்யப்பட்டதோ அது 2015இல் கைவிடப்பட்டது. முன்னோட்டமும் கடையிலிருந்து நீக்கப்பட்டது. 2017இல் ரெசிடென்ட் ஈவில் 7 வெளிவந்தபோது, அதுவும் ஒரு பாழடைந்த வீடு, அதுவும் கண்வழிப் பார்வை என்பதால், பி.டி.யின் பிள்ளை என்றே பலரும் அதைக் கருதினார்கள். ஆனால் ரெசிடென்ட் ஈவில் 7க்கான பணி, பி.டி. வெளியாவதற்கு முன்பே 2014 தொடக்கத்தில் ஆரம்பமாகிவிட்டது. ஒரே காலத்தில் ஒரே கேள்வியை எதிர்கொள்ளும் இரண்டு குழுக்கள் ஒரே விடையைத் தனித்தனியே கண்டடைவது உண்டு. பி.டி.க்குத் தாக்கமே இல்லை என்பதல்ல இதன் பொருள். விசேஜ் போன்ற சிறு குழுக்களின் திகில் ஆட்டங்கள் அதிலிருந்து பிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தேதிகளைச் சரிபார்க்காமல் உறவு சொல்லக் கூடாது.

சான்றுகளில் மிக உறுதியானது உருவாக்குநரின் ஒப்புதல். சீனாவின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட கென்ஷின் இம்பாக்ட், 2017 மார்ச்சில் வந்த தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டால் ஊக்கம் பெற்றது என்பதை அதைச் செய்தவர்களே மறைக்கவில்லை. பிரெத் ஆஃப் தி வைல்டுக்கு முன்பு, ஆடுபவர் விரும்பிய திசையில் சுற்றித் திரியக்கூடிய திறந்த உலக ஆட்டங்கள் பலவற்றில் ஒரு கோபுரத்தின் மேல் ஏறினால் சுற்றுவட்டாரத்தில் செய்ய வேண்டியவை எல்லாம் வரைபடத்தில் குறிகளாக நிரம்பிவிடும். அதன்பின் ஆடுபவர் வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போவார். நின்டென்டோவின் குழு கோபுரத்தை வைத்துக்கொண்டு குறிகளை நீக்கியது. மேலே நின்று கண்ணால் தேடி, ஆர்வமூட்டும் இடத்தை ஆடுபவரே குறித்துக்கொள்ள வேண்டும். எந்தச் சுவரிலும் மலையிலும் ஏறலாம், எந்த உயரத்திலிருந்தும் காற்றில் மிதந்து இறங்கலாம், தடுப்பது கையிருப்பில் உள்ள உடல்வலு ஒன்றே. இந்த ஏறுதலும் மிதத்தலும் கென்ஷினில் அப்படியே தெரிகின்றன.

ஆனால் கென்ஷினுக்கு இன்னொரு வேரும் உண்டு, அதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். கதாபாத்திரங்களைக் குலுக்கல் முறையில் பணம் கட்டிப் பெறும் அதன் வருவாய்முறை, ஜப்பானியக் கைப்பேசி ஆட்டங்களில் வளர்ந்த 'கச்சா' முறை. 2012இல் வந்த பசில் அண்ட் டிராகன்ஸின் பெரும் வெற்றி அதை வலுவாக நிலைநிறுத்தியது. ஆக, ஒரே ஆட்டத்தில் இரண்டு தாக்கங்கள் கலந்திருக்கின்றன: ஒன்று ஆடுமுறையிலிருந்து, மற்றது வணிகமுறையிலிருந்து. முன்னதை எல்லாப் பட்டியல்களும் கொண்டாடும். பின்னது அவற்றுள் அரிதாகவே இடம்பெறும். கைப்பேசி ஆட்டங்களையும் ஆசிய ஆட்டங்களையும் புறக்கணித்துத் தயாரிக்கப்படும் பட்டியல், உலகில் மிகுதியானோர் உண்மையில் எதை, எப்படி ஆடுகிறார்கள் என்பதையே புறக்கணித்த பட்டியல். 2012இன் கேண்டி கிரஷ் சாகா, கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் ஆகிய இரண்டும், காத்திருக்க வேண்டும் அல்லது பணம் கட்ட வேண்டும் என்ற தேர்வை கோடிக்கணக்கானவர்களின் அன்றாடப் பழக்கமாக்கின. 2016 ஜூலையில் வந்த போக்கிமான் கோ மக்களைத் தெருவில் நடக்க வைத்தது; அதைப் போன்றே செய்ய முயன்ற பிறர் பெரும்பாலும் தோற்றார்கள் என்பதால் அதன் தாக்கம் அதன் புகழைவிடச் சிறியது என்றே நான் கருதுகிறேன்.

வணிகமுறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். ஏனெனில் இந்தப் பத்தாண்டின் மிக ஆழமான மாற்றம் அங்கேதான் நிகழ்ந்தது. வால்வ் நிறுவனத்தின் டீம் ஃபோர்ட்ரஸ் 2 வெளிவந்தது 2007இல். 2010இல் அதில் பூட்டிய பெட்டிகள் வந்தன; பணம் கொடுத்துச் சாவி வாங்கித் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 2011இல் ஆட்டமே இலவசமாக்கப்பட்டது. 2013இல் அதே நிறுவனத்தின் கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவில் ஆயுதங்களுக்கான வண்ண அலங்காரங்கள் இந்த முறையில் வந்து, அவற்றை வாங்கி விற்பதற்கென்று ஒரு சந்தையே உருவாகிவிட்டது. 2016இல் ஓவர்வாட்ச், விலை கொடுத்து வாங்கும் முழு ஆட்டத்துக்குள் லூட் பாக்ஸ் எனப்படும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டியை வைத்தது. 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2 இதை ஆடுபவரின் ஆற்றலோடு பிணைத்தபோது பெரும் எதிர்ப்பு வெடித்தது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சட்டத்துக்குப் புறம்பான சூதாட்டம் என்றே அறிவித்தது.

மற்றொரு வழி இதே காலத்தில் உருவானது. 2013இல் டோட்டா 2 தன் உலகப் போட்டியையொட்டி ஒரு மின்னணு ஏட்டை விற்று, விலையில் நான்கில் ஒரு பங்கைப் பரிசுத்தொகையில் சேர்த்தது. வாங்கியவர்களுக்குப் படிப்படியாக வெகுமதிகள் கிடைத்தன. குறிப்பிட்ட காலத்துக்குள் ஆடி ஆடித் திறந்துகொள்ளும் இந்த ஏணியைத்தான் பின்னர் பேட்டில் பாஸ் என்றார்கள். 2017 டிசம்பரில் ஃபோர்ட்நைட் அதை ஏற்று உலகெங்கும் கொண்டுசென்றது. குலுக்கல் இல்லை, என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால், லூட் பாக்ஸ் மீதான கோபத்திலிருந்து தப்பிக்க விரும்பிய நிறுவனங்களுக்கு அது வசதியாக அமைந்தது. 2019இன் கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் அந்த வழிக்குச் சென்றது; 2022இன் ஓவர்வாட்ச் 2 தன் லூட் பாக்ஸையே விட்டுவிட்டு பேட்டில் பாஸுக்கு மாறியது. ஃபோர்ட்நைட்டின் தாக்கம் வேறு தளத்தில் இருக்கிறது என்று மேலே சொன்னது இதைத்தான். வெவ்வேறு கருவிகளில் ஆடுபவர்கள் ஒன்றாக ஆடுவதை நீண்டகாலம் தடுத்துவந்த சோனி, 2018 செப்டம்பரில் ஃபோர்ட்நைட்டுக்காகவே முதலில் அந்தக் கதவைத் திறந்தது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய ஆட்டங்களைத் தாக்கம் மிக்கவை என்று சொன்னால், அவற்றைப் பாராட்டுவதாக நினைத்துச் சிலர் வருந்துகிறார்கள். சிறுவர்களிடமும் குலுக்கலை விற்ற ஒரு முறையின் மேல் எனக்கு மதிப்பில்லை. ஆயினும் அதைப் பட்டியலிலிருந்து நீக்கினால், இன்றைய ஆட்டங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்ற கேள்விக்கு விடையே இல்லாமல் போகும். நல்லதா கெட்டதா என்பது ஒரு தீர்ப்பு. நடந்ததா இல்லையா என்பது வேறொரு தீர்ப்பு. இரண்டையும் தனித்தனியே வழங்க வேண்டும்.

பத்தாண்டின் எல்லைகளும் தொல்லை தருபவை. அமாங் அஸ் 2018இல் வெளிவந்தது. அப்போது அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோதுதான் அது பரவியது. 2021இல் ஃபோர்ட்நைட் அதையொத்த ஒரு பகுதியைச் சேர்த்து, பின்னர் அதிலிருந்து ஊக்கம் பெற்றதை ஒப்புக்கொள்ளவும் செய்தது. இதை எந்தப் பத்தாண்டில் சேர்ப்பது? ஆட்டம் பிறந்த ஆண்டைவிட, அதைப் பார்த்துப் பிறர் மாறத் தொடங்கிய ஆண்டையே கணக்கில் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து; அந்த அளவுகோலின்படி அமாங் அஸ் அடுத்த பத்தாண்டுக்கு உரியது. அதே அளவுகோல், 2009 அக்டோபரில் வெளிவந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸை 2010களுக்குள் கொண்டுவருகிறது. இதை ஏற்காமல் வெளியீட்டுத் தேதியையே கடைப்பிடிப்பவர்களும் உண்டு. எதைக் கடைப்பிடித்தாலும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, எல்லா ஆட்டங்களுக்கும் ஒன்றுபோலப் பயன்படுத்தினால் போதும்.

தேதிச் சிக்கல் மிகுதியாகத் தொடும் ஆட்டம் மைன்கிராஃப்ட். 2009 மே மாதத்திலேயே மார்கஸ் பெர்சன் அதன் தொடக்க வடிவத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். முழு வடிவம் 2011 நவம்பர் 18 அன்றுதான் வெளியானது. இடைப்பட்ட காலத்தில் முடிவுபெறாத ஆட்டத்தையே மக்கள் விலை கொடுத்து வாங்கினார்கள், குறைகளைச் சொன்னார்கள், வாரம்தோறும் அது வளர்வதைப் பார்த்தார்கள். அந்தத் தேதிக் குழப்பமே அதன் தாக்கத்தின் ஒரு பகுதி என்பது கவனிக்கத்தக்கது. ஏனெனில் முடிவதற்கு முன்பே விற்று, வாங்கியவர்களோடு சேர்ந்து வளர்ப்பது என்ற வழியை அது சாத்தியமென்று காட்டியது. 2013 மார்ச்சில், கணினி ஆட்டங்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை இதற்கென்றே ஏர்லி ஆக்சஸ் என்ற பிரிவைத் தொடங்கியது. மேலே பேசிய பப்ஜியும் அந்த வாயில் வழியாகத்தான் வந்தது.

ஆடுமுறையில் மைன்கிராஃப்ட் விதைத்தது இன்னும் பெரியது. மரத்தை வெட்டி, பலகையாக்கி, கருவி செய்து, அந்தக் கருவியால் கல்லை உடைத்து, இரவு வருவதற்குள் தங்குமிடம் கட்டிக்கொள்வது என்ற அந்தச் சுழற்சி, ரஸ்ட், தி ஃபாரஸ்ட், ஆர்க், சப்நாட்டிகா என்று ஒரு பெரும் குடும்பத்தைத் தோற்றுவித்தது. பொருள் திரட்டிக் கருவி செய்யும் பகுதி, அதற்குத் தேவையே இல்லாத பெரிய சாகச ஆட்டங்களிலும் நுழைந்துவிட்டது. மைன்கிராஃப்டுக்கும் முன்னோடி உண்டு: 2009இல் சக்கரி பார்த் செய்த இன்ஃபினிமைனரின் கட்டங்களாலான உலகிலிருந்து ஊக்கம் பெற்றதைப் பெர்சனே சொல்லியிருக்கிறார். பிறகு, ஆட்டங்களைப் பார்க்கும் பழக்கம். 2010இல் வந்த அம்னீசியா: தி டார்க் டிசென்ட், ஆயுதமே தராமல் ஓடி ஒளியச் செய்த திகில் ஆட்டம், அதை ஆடி அலறுபவர்களைப் பார்க்கவே யூடியூபில் கூட்டம் கூடியது. ஆனால் திகில் ஒரு தடவை பார்த்தால் தீர்ந்துவிடும். மைன்கிராஃப்டில் ஒவ்வொருவர் உலகமும் வேறு, ஆகவே பார்ப்பதற்கு முடிவே இல்லை. பிறர் ஆடுவதைப் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட ஒரு தலைமுறை அதன் வழியாகவே பெருமளவில் உருவானது. 2014இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு மோஜாங் நிறுவனத்தை வாங்கியது. 2023இல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைக் கடந்தது. இங்கே விற்பனை எண்ணிக்கையைச் சொல்வது அதைச் சான்றாக முன்வைக்க அல்ல. மற்ற சான்றுகள் எல்லாம் அதற்கு முன்பே நிறைவுபெற்றுவிட்டன.

தாக்கம் பிறக்காமல் போன ஒரு நிகழ்வையும் பார்க்க வேண்டும். 2014இல் வந்த மிடில்-எர்த்: ஷேடோ ஆஃப் மோர்டோரில், ஆடுபவரை வீழ்த்திய சாதாரண எதிரி பதவி உயர்வு பெறுவான்; அடுத்த முறை சந்திக்கும்போது பழைய சண்டையை நினைவுகூர்ந்து பேசுவான், பட்ட காயத்தின் தழும்போடு வருவான். நெமிசிஸ் எனப்பட்ட இந்த ஏற்பாட்டைப் பாராட்டாதவர் இல்லை. வரும் ஆண்டுகளில் எல்லா ஆட்டங்களிலும் இது இருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். 2018இன் அசாசின்ஸ் கிரீட் ஒடிசி, விடாமல் துரத்தும் கூலிப்படையினர் வழியாக அதன் ஒரு கூறை நெருங்கியது. முழுமையாக எடுத்துச் சென்றவர் அரிது. அதைக் கட்டுவது கடினம். போதாததற்கு, அதை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 2021இல் பெற்றும்விட்டது. வியப்புக்கும் தாக்கத்துக்கும் இடையிலுள்ள தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து அந்தப் பத்தாண்டில் இல்லை.

சிறிய குழுக்களின் ஆட்டங்கள் இதற்கு நேர்மாறு. 2019 ஜனவரியில் டோட்டா 2இன் மோட்டாக வந்த, பலகையில் அடுக்கி வைத்த வீரர்கள் தாமாகவே போரிடும் டோட்டா ஆட்டோ செஸ்ஸைப் பின்பற்றி, அதே ஆண்டு ஜூனிலேயே ரயட் நிறுவனம் டீம்ஃபைட் டாக்டிக்ஸையும் வால்வ் நிறுவனம் டோட்டா அண்டர்லார்ட்ஸையும் வெளியிட்டன. ஆறு மாதங்களுக்குள் ஒரு வகையே பிறந்துவிட்டது. 2018இன் செலஸ்ட், கடினமான ஆட்டத்துக்குள்ளேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் துணைமுறையை வைத்து, கடினம் என்பது எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை என்ற விவாதத்துக்கு ஒரு நல்ல முன்மாதிரியைத் தந்தது.

இனி, யாராவது ஓர் ஆட்டத்தின் பெயரைச் சொன்னால் அதை எப்படி எடைபோடுவது? அதிலிருந்து எடுக்கப்பட்டது எது, எடுத்தவர் யார், அது அதற்கு முன் வேறெங்கும் இருந்ததா, அது வராமல் இருந்திருந்தால் இந்த மாற்றம் எப்படியும் நிகழ்ந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 2015இல் வந்த தி விட்சர் 3ஐ எடுத்துக்கொள்வோம். துணைப் பணிகளுக்குக்கூட முழுமையான கதையும் விளைவும் தந்த அதன் எழுத்து, பின்வந்த பெரிய ஆட்டங்களிடம் ஆடுபவர்கள் எதிர்பார்ப்பதை உயர்த்தியது என்று விமர்சகர்கள் பலர் சொல்கிறார்கள். நானும் அப்படியே உணர்கிறேன். ஆனால் இது கழற்றி எடுக்கத்தக்க விதி அல்ல, ஒரு தரம். தரம் பரவியதற்குத் தடயம் கிடைப்பது கடினம். ஆகவே என் பட்டியலில் அது பிரெத் ஆஃப் தி வைல்டுக்குக் கீழே வருகிறது. அதை மேலே வைப்பவர், எந்த ஆட்டத்தின் எந்தப் பணி அதனால் மாறியது என்று காட்டினால் என் வரிசையை மாற்றிக்கொள்ளத் தயார்.

அந்த வரிசையின் முதலிடம் மைன்கிராஃப்டுக்கு. இரண்டாவது, டீமன்ஸ் சோல்ஸின் பெயரையும் சேர்த்துக்கொண்டு, டார்க் சோல்ஸுக்கு. மூன்றாவதை வணிகமுறைக்காக டீம் ஃபோர்ட்ரஸ் 2க்குத் தருகிறேன்; 2007இன் ஆட்டத்தை 2010களின் பட்டியலில் சேர்ப்பதைப் பலர் மறுப்பார்கள், ஆனால் பூட்டிய பெட்டியும் இலவச நுழைவும் வந்தது இந்தப் பத்தாண்டில்தான். பப்ஜி, ஃபோர்ட்நைட், பிரெத் ஆஃப் தி வைல்ட் ஆகியவை அதன்பின் வருகின்றன. ஏழாவது இடத்தில் ஸ்லே தி ஸ்பையரை வைக்கிறேன். 2017இல் ஏர்லி ஆக்சஸில் தொடங்கி 2019 ஜனவரியில் முழுமைபெற்ற அந்தச் சீட்டாட்டம், ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் ஒரு சீட்டைச் சேர்த்துச் சீட்டுக்கட்டை வளர்த்துக்கொண்டே கோபுரம் ஏறுவது, தோற்றால் முதலிலிருந்து தொடங்குவது என்ற வடிவத்தை நிறுவியது. 2014இன் ட்ரீம் க்வெஸ்ட் அந்தத் திசையில் முன்பே நடந்திருந்தாலும், மான்ஸ்டர் டிரெயின், கிரிஃப்ட்லாண்ட்ஸ், வைல்ட்ஃப்ராஸ்ட் என அடுத்தடுத்து வந்தவை ஸ்லே தி ஸ்பையர் வகுத்த அந்த அமைப்பின் மேலேயே நிற்கின்றன.